பூட்டிய கடைக்கு ஒரு படம்

பிரதீஸ் கடைசியாக பிஸ்கட் அடுக்கிய கடை ஆமினா உம்மாவுடையது. மார்கழி மாதம், செவ்வாய்க்கிழமை. மழைத்தண்ணீர் வாசற்படியை நக்கிக்கொண்டிருந்தது. தன் கம்பனிப் பெட்டிகளை முன்வரிசைக்கு இழுத்து, போட்டிக் கம்பனியின் பெட்டிகளைப் பின்னுக்குத் தள்ளினான்.

“காலையில நீ தள்ளுறாய். பின்னேரம் மத்தவன் வந்து உன்னத் தள்ளுறான். எண்ட கடைக்குள்ள என்ன மகன் உங்கட யுத்தம்?” என்றார் ஆமினா உம்மா.

“நீங்க கைய நீட்டினா முன்னுக்கு நிக்கிறதத்தானே உம்மா எடுப்பீங்க.”

வெளியே மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்ற றிஸானுக்குச் சிரிப்பு வந்தது. அவன் அதே விநியோகஸ்தரின் சவர்க்காரத்தைக் கடைகளுக்கு விற்கும் ஆள். அவனுடைய மோட்டார் சைக்கிள் கராஜில் கிடந்ததால் இன்று பிரதீசின் பின்னால் ஏறி வந்திருந்தான்.

இருவருடைய சட்டைப்பைகளிலும் கம்பனி போன் இருந்தது. ஒரு கடைக்குக் கிட்டப் போனால்தான் அந்தக் கடையின் பொத்தான் திரையில் எழும்பும். அமத்திவிட்டு, கம்பனிச் சட்டையோடு கடைக்கு முன்னால் நின்று படம் எடுக்க வேண்டும். நாலு மணியோடு எல்லாம் மூடிவிடும். போன கடை கொழும்புத் தலைமையகத்தில் பச்சையாகத் தெரியும், போகாத கடை சிவப்பாக. பிரதீஸ் நாலு வருடமாகத் தற்காலிகம். இந்த மாதம் ஒரு கடையும் சிவக்காவிட்டால் நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். அதுதான் கடைசிக் கிழமை.

மிச்சமிருந்தவை மூன்று கடைகள். இரண்டு வாவிக்கு இப்பால், எழுவான்கரையில். ஒன்று வாவிக்கு அப்பால், படுவான்கரையில். அது அன்னப்பூரணியின் கடை. அவர் வவுனியாவில் மகளோடு போய் இருந்து ஒரு வருடமாகப் போகிறது. பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று பிரதீஸ் ஒவ்வொரு செவ்வாயும் படம் எடுத்து அனுப்பினான். படியில் எப்போதும் ஒரு வெள்ளாடு படுத்திருக்கும்.

“உன்ட ஆடு இந்தக் கிழமை எத்தின பெட்டி ஓடர் போடும் மச்சான்?” என்று றிஸான் கேட்டான்.

“அது கடனுக்குத்தான் கேக்கும்.”

துறையில் பாதை கட்டிக் கிடந்தது. வாகனங்களையும் ஆட்களையும் அக்கரைக்கு ஏற்றும் அந்த இரும்புத் தட்டு, வாடைக்காற்றில் முனகிக்கொண்டு ஆடியது. பாதைக்காரர் நல்லரத்தினம் ஓலைக் கொட்டிலுக்குள் இருந்தபடி கையை விரித்தார்.

“இண்டைக்கு ஓட்டமில்ல மனே. வீட்ட போங்க.”

பிரதீஸ் சுப்பவைசர் நிதுர்ஷனுக்கு அழைத்தான். காற்று இரைச்சலில் கேட்காததால் ஸ்பீக்கரில் போட்டான்.

“சேர், பாதை ஓடல்ல. அந்தப் பக்கத்து ரோட்டெல்லாம் வெள்ளம், சுத்திப் போகவும் ஏலா. பூட்டின கடைதானே சேர். லிஸ்டால எடுங்க எண்டு எத்தின தரம் சொல்லிட்டன்.”

“எனக்குத் தெரியாதா பிரதீஸ்? எடுக்கிறது கொழும்பு. நானும் எழுதிப் போட்டிரிக்கன்.”

“காத்து பலமா அடிக்குது சேர்.”

“நான் உங்களப் போகச் சொல்லல்ல. போக வேணாம் எண்டும் சொல்ல ஏலா. கடைசிக் கிழமை. யோசிச்சுக்கங்க.”

போன் வைக்கப்பட்டது. பிரதீஸ் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஆரையம்பதியில் வாவி மீன்பிடிக்காரரின் மகன் அவன். பெரியப்பாவின் தோணி, தண்ணீருக்குள் வேர்விட்டு நின்ற கண்ணா மரத்தடியில் கட்டிக் கிடந்தது.

மதியம் கடந்ததும் காற்று சட்டென்று விழுந்தது. வாவி எண்ணெய் ஊற்றியதுபோல் படிந்தது. பிரதீஸ் எழுந்து மழைக்கோட்டைக் கழற்றினான்.

“இது நிண்ட காத்து இல்ல. கிறுகித் திரும்பி வரும்,” என்றார் நல்லரத்தினம்.

“வாறதுக்குள்ள வந்திருவன் அண்ணன்.”

“டேய், ஒரு கடைதானே. சிவந்தாச் சிவக்கட்டும்,” என்றான் றிஸான்.

“நீ நிரந்தரம், சொல்லுவாய்.”

அந்தச் சொல்லுக்குப் பிறகு றிஸானால் தோணியைப் பிடித்து வைக்க முடியவில்லை. பிரதீஸ் போனைப் பொலித்தீனில் சுற்றிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு கம்பை ஊன்றினான். தோணி நேராகப் போனது. அக்கரையின் பச்சைக்குள் அது மறையும் வரை றிஸானும் நல்லரத்தினமும் துறையிலேயே நின்றார்கள்.

கொஞ்ச நேரத்தில் றிஸானின் போன் அடித்தது.

“பச்சை விழுந்திட்டு மச்சான். ஆடு நனைஞ்சு போய் நிக்குது, பாவம்.”

“அங்கயே நில்லு. யார்ர வீட்டயாவது படுத்திட்டு நாளைக்கு வா.”

“இன்னும் ரெண்டு கடை கிடக்கே. அதுகள் சிவந்தா இதுக்கு வந்து என்ன பிரயோசனம்? நீ சைக்கிளத் திருப்பி வை. வாறன்.”

றிஸான் மோட்டார் சைக்கிளை வீதிப்பக்கம் திருப்பி வைத்தான். திரும்பியபோது வடக்கே தண்ணீர் கறுத்திருந்தது. அந்தக் கறுப்பு ஓடி வந்தது. தோணி நடுவாவியில் இருந்தது. பிரதீஸ் குந்தியிருந்து துடுப்பு வலிப்பது தெரிந்தது. வெள்ளைச் சட்டை ஒருமுறை உயர்ந்தது. பிறகு மழை அதை மூடியது. நல்லரத்தினம் பாதையின் கயிற்றை அவிழ்க்கச் சொல்லிக் கத்தினார். ஓடி வந்த நாலு பேர் ஏறித் தள்ளினார்கள். பாதி வழியில் காற்று அவர்களைத் துறைக்கே திருப்பிக் கொண்டுவந்து போட்டது.

விடிந்த பிறகு, கண்ணா வேர்களுக்குள் அவனை எடுத்தார்கள்.

எட்டாம் நாள் நிதுர்ஷன் வீட்டுக்கு வந்தான். பிரதீசின் மனைவி கம்சாயினி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் கதிரையின் நுனியில் இருந்தான். கொடுத்த தேத்தண்ணீர் கையிலேயே ஆறியது.

“காப்புறுதி விஷயமா கொழும்போட கதைச்சன் தங்கச்சி. வேலை நேரத்தில நடந்ததாக் கணக்கெடுக்க ஏலாதாம். அவருக்குக் குடுத்த ரூட்டு, ரோட்டும் பாதையும்தானாம். தோணியில போனது அவர்ர சொந்த விருப்பமாம்.”

“அப்ப அவர் எடுத்தனுப்பின படம்?”

“அது வந்து சேந்திட்டு.”

“அத ஏத்துக்கிட்டாங்களா?”

“ஓம்.”

கம்சாயினி ஆறிய தேத்தண்ணீரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். வாசல் வரை போன நிதுர்ஷன், அங்கே நின்ற றிஸானைத் தனியே கூப்பிட்டு, கம்பனிப் போன் கிடைத்ததா என்று தாழ்ந்த குரலில் கேட்டான்.

தை பிறந்ததும் பிரதீசின் கடைகளை றிஸானுக்குச் சேர்த்துக் கொடுத்தார்கள். முதல் செவ்வாய் காலை, துறையில் பாதைக்காகக் காத்து நின்றபடி அவன் போனைத் திறந்தான். கடைகள் வரிசையாக வந்தன. விரலால் தள்ளிக்கொண்டே போனான்.

அன்னப்பூரணி ஸ்டோர்ஸ். அதற்குக் கீழே, பூட்டிய கதவோடு பிரதீஸ் கடைசியாக அனுப்பிய படத்துக்கு அருகே, சின்ன எழுத்தில்: திறந்துள்ளது.