பிறீசரில் இருந்த தூள்

தமிழர் வீட்டு ஐஸ்கிறீம் பெட்டிக்குள் ஐஸ்கிறீம் இருந்ததாகச் சரித்திரம் இல்லை. வாங்கிய கிழமை இருக்கும். அதற்குப் பிறகு அந்தப் பெட்டி மீன்குழம்புக்கும் தேங்காய்ப்பூவுக்கும் கறித்தூளுக்கும் போய்விடும். கீதனின் வீட்டில் அப்படி இரண்டு பெட்டிகள். இரண்டும் வனிலா. இரண்டுக்குள்ளும் தூள். சமையலறை அலுமாரியில் இருந்தது கடையில் வாங்கிக் கொட்டியது. பிறீசரில் இருந்தது அவனுடைய மனைவி கஜனி வறுத்து அரைப்பித்தது.

கஜனி தை மாதம் இறந்துபோனாள். தலையிடி என்று படுத்தவள். மூளைக்குள் இரத்தம் கசிந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஆட்களுக்குத் தொலைபேசியில் அறிவித்ததெல்லாம் அவளுடைய தமையன்தான். கீதன் ஒருவருக்கும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் வரவில்லை. அவனைக் கண்டவர்கள் எல்லோரும் தெரிந்துகொண்டே வந்தார்கள்.

அவளுடைய தூள் கறுப்பு. மல்லியையும் மிளகாயையும் மற்றவர்கள் இறக்குகிற இடத்தில் அவள் இறக்கமாட்டாள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கருகலின் வாசல்வரை கொண்டுபோவாள். அப்பார்ட்மென்டில் புகைமணி அடிக்கும். கீதன் கதிரையில் ஏறி நின்று துவாயால் விசுக்குவான். "இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கோ, பெருஞ்சீரகம் போடேல்லை" என்று கீழே நின்று அவள் சிரிப்பாள்.

அந்தப் பெட்டியின் அடியில் நாலைந்து கரண்டித் தூள் மிஞ்சியிருந்தது. அவன் அதைச் சமைப்பதற்காக வைத்திருக்கவில்லை. குளிரில் தூளுக்கு மணம் இல்லை. ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்தால், கை சூட்டுக்கு மெல்ல மெல்ல வரும். வந்ததும் முகர்வான். பிறகு ஒரு துகளும் சிந்தாமல் திரும்பப் பெட்டிக்குள் தட்டிவிட்டு மூடிவிடுவான். வேலைக்குப் போக முன் ஒவ்வொரு நாளும் செய்கிற காரியம் அது. பல் தீட்டுவதுபோல.

வேலை என்றால் கொத்து ரொட்டி வண்டி. கஜனியின் யோசனை. கணக்கியல் படித்த கீதனை ஒரு பழைய தபால் வானுக்குள் ஏற்றி, கையில் இரண்டு இரும்புத் தகடுகளைக் கொடுத்தவள் அவள்தான். வெக்ஸ்போர்ட்டில், பஸ்ரியனுடைய ரயர்க் கடைக்குப் பக்கத்துத் தரிப்பிடத்தில் வண்டி நிற்கும். குளிர்காலத்தில் பூட்டு. பனி விட்டதும் இந்த வருடமும் திறந்தான். திறக்காமல் விட்டால் என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. முன்பு கைகொடுக்க மட்டும் வந்துபோன றோஸ்மேரி அன்ரி இப்போது கறி வைக்க வந்தாள். அதே கட்டடத்தில் இரண்டு மாடி கீழே இருப்பவள். வீட்டுத் திறப்பில் ஒன்று எப்போதும் அவளிடம் இருந்தது.

முன்பெல்லாம் வியாபாரம் முடிந்ததும் கஜனி மிஞ்சிய ரொட்டியை வெறும் கறிச்சட்டிக்குள் போட்டுப் பிரட்டி, பக்கத்தில் ஒட்டியதையெல்லாம் வழித்துப் பிசைந்து உருட்டுவாள். வீட்டில் சோற்றில் செய்கிற குழையலை ரொட்டியில் செய்தாள். அன்ரிக்கு ஒன்று, கீதனுக்கு ஒன்று, தனக்கு ஒன்று. இந்த வருடம் சட்டி ஒழிந்த உடனே கீதன் சவர்க்காரத் தண்ணீர் ஊற்றிவிடுவான்.

அந்தச் சனிக்கிழமை காலை அவன் கொத்துக் கல்லுக்கான காஸ் சிலிண்டரை நிரப்பப் போன இடத்தில்தான் தூள் ஞாபகம் வந்தது. அன்ரிக்கு அழைத்தான்.

"அன்ரி, வண்டியில தூள் இல்லை. வீட்டை ஐஸ்கிறீம் பெட்டிக்குள்ள இருக்கு."

"சரி தம்பி. வேற ஏதும்?"

"இல்லை."

அலுமாரி என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அவன் சொல்லவில்லை. தூள் தேடுகிற யாழ்ப்பாணத்துப் பெண் அலுமாரியைத் திறக்கமாட்டாள். தூள் பழுதாகாமல் இருக்க வைக்கிற இடம் என்று அவள் முதலில் திறப்பது பிறீசரைத்தான்.

சிலிண்டரோடு அவன் திரும்பி வந்து காரால் இறங்கியபோது காற்று வண்டிப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது. கதவைப் பிடித்தபடி நின்றான். சிலிண்டரை இறக்கவில்லை. நேரே போய் வண்டிக்குள் ஏறினான். சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. கறி கறுப்பு.

"எந்தப் பெட்டி அன்ரி?"

"பிறீசருக்குள்ள இருந்ததுதான். நல்லகாலம், அளவாக் கிடந்தது. வழிச்சுப் போட்டிட்டன்."

வெறும் பெட்டி கழுவு தொட்டிக்குப் பக்கத்தில் மூடி இல்லாமல் கிடந்தது. கீதன் அதைத் தூக்கிப் பார்த்தான். மூலையில்கூட எதுவும் இல்லை. அன்ரி கெட்டிக்காரி, ஒன்றையும் வீணாக்கமாட்டாள். அவள் அவனுடைய முகத்தைப் பார்த்தாள். பிறகு சட்டியைப் பார்த்தாள். குனிந்து ஆவியை இழுத்தாள்.

"ஐயோ மாதாவே" என்றாள். "தடிமன், மூக்கு அடைச்சுப்போய்க் கிடக்கு. எனக்கு ஒண்டும் மணக்கேல்லையடா தம்பி. நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"ஓம்" என்றான் கீதன்.

அவன் சட்டியை மூடினான். அடுப்பை நிறுத்தினான். வெளியே ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். அவன் கை நீட்டி ஜன்னல் பலகையை இறக்கினான்.

"என்ன செய்யப்போறாய்?"

"கொண்டுபோய் பிறீசருக்குள்ள வைக்கப்போறன்."

"அவ்வளவு பெரிய சட்டியையோ?"

"பெட்டி பெட்டியா."

வெளியிலிருந்து யாரோ பலகையில் தட்டினார்கள்.

"டேய் கீதன்!" பஸ்ரியனின் குரல். "சனத்தை வரிசையில விட்டிட்டுக் கதவைப் பூட்டுறாய். இண்டைக்கு மணம் மட்டும்தானோ விக்கிறாய்?"

"இண்டைக்குக் கடை இல்லை அண்ணை."

"கடை இல்லாமல்தானோ இவ்வளவு மணக்குது? அங்க என்ர பெடியள் ரயரைப் பூட்டாமல் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிக்கிறாங்கள். ஒரு சக்கரம் கழண்டால் பொறுப்பு நீதான்."

கீதன் பலகையைப் பாதி தூக்கினான். இன்னும் ஒருமுறை சொல்லி அனுப்பிவிடலாம் என்று நினைத்தான். பஸ்ரியனுக்குப் பக்கத்தில் ஒரு பெண், நெஞ்சோடு கட்டிய குழந்தையோடு. பார்த்த முகம். வேரோனிக்கா. போன கோடையில் எதிரே இருந்த முதியோர் இல்லத்தில் வேலை செய்தவள். அப்போது வயிற்றில் பிள்ளை. மத்தியானத்தில் வந்து வண்டிக்கு முன்னால் நின்றபடியே சாப்பிடுவாள்.

"அண்ணா! ஞாபகம் இருக்கோ? நாங்கள் இப்ப நகரத்தின்ர மற்றக் கரைக்கு, ரெக்ஸ்டேலுக்கு மாறிப் போயிட்டம். பனிக்கால ரயரைக் கழட்டிச் சமர் ரயர் போட வந்தனான். இறங்கேக்கையே மணந்தது. கஜனி அக்கா வறுத்த தூள் எண்டு அப்பவே காருக்குள்ள இருந்த என்ர மனுசனுக்குச் சொன்னன்." அவள் எட்டி உள்ளே பார்த்தாள். "அக்கா எங்க? பிள்ளையைக் காட்டோணும்."

பஸ்ரியன் தன்னுடைய சப்பாத்தைப் பார்த்தான். றோஸ்மேரி அன்ரி கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள்.

"கஜனி இல்லை" என்றான் கீதன்.

"ஏன், லீவோ?"

"இல்லை. செத்துப்போனா. தையில."

அந்தச் சொல்லை அவன் வாய் முதல்தரம் சொன்னது. சொன்ன பிறகும் வண்டி அப்படியே நின்றது. தெருவில் பஸ் ஒன்று போனது. வேரோனிக்கா குழந்தையின் தலையைக் கையால் மூடிக்கொண்டாள். குழந்தைக்குக் கேட்டுவிடும் என்று பயந்ததுபோல.

"அப்ப இந்த மணம்?" என்று கேட்டாள்.

"அவவின்ர தூள்தான். கடைசி. தெரியாமல் போட்டாச்சு."

"எனக்கு வேண்டாம் அண்ணா. நீங்கள் வைச்சிருங்கோ." கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் திரும்பினாள்.

கீதன் அவளுடைய முதுகைப் பார்த்தான். பிறீசருக்கு முன்னால் அவன் பொத்திப் பிடித்துக்கொண்டு நின்ற மணத்தை இவள் ஒரு தரிப்பிடத்தின் அந்தப் பக்கத்திலிருந்து, காரால் இறங்கும்போதே, பெயர் சொல்லி அடையாளம் கண்டிருக்கிறாள். இவளும் போய்விட்டால் மறுபடி அது அவனுக்கு மட்டும் தெரிந்ததாகிவிடும்.

"நில்லுங்கோ" என்றான். "மிளகாய் குறைச்சுத்தானே?"

அவள் நின்றாள்.

பலகையை முழுதாகத் தூக்கிக் கொளுவினான். சிலிண்டரை இறக்கிவரப் பஸ்ரியனே போனான். கல் சூடானதும் கீதன் முட்டையை உடைத்து ஊற்றினான், லீக்ஸும் வெங்காயமும் போட்டான், ரொட்டியைக் கொட்டினான். சட்டியைத் திறந்து ஒரு அகப்பை கறி. ஆவி முகத்தில் அடித்தது. இரண்டு தகடுகளையும் எடுத்துக் கொத்தத் தொடங்கினான். அந்தச் சத்தம் தரிப்பிடம் முழுக்கக் கேட்டது.

வேரோனிக்கா போன வருடம்போல வண்டிக்கு முன்னால் நின்றபடியே சாப்பிட்டாள். அழுதுகொண்டே சாப்பிட்டாள், ஆனால் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. அவளுக்குப் பின்னால் ரயர்க் கடைப் பெடியள், பஸ்ஸுக்கு நின்ற ஒரு பிலிப்பீன்ஸ்காரி, பள்ளிவாசலால் வந்த கிழவர். அவர்களுக்கு எதுவும் தெரியாது. நல்ல கொத்து என்று மட்டும் தெரியும். பஸ்ரியன் இரண்டாவது சாப்பாட்டுப் பெட்டிக்கும் வந்தான்.

"எனக்கு எப்பவும் கஜனியின்ர உறைப்புத்தான் சரி" என்றான். "சொல்லாமல் விட்டிட்டன். சொன்னால் நீ முகத்தைத் திருப்பிப்போடுவாய் எண்டு பயம்."

"இப்ப சொல்லிப்போட்டியள்."

"இப்ப சாப்பிட்டுப்போட்டன். இனி என்ன செய்வாய்?"

கீதனின் வாய் ஒரு பக்கம் அசைந்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது.

சட்டி ஒழிந்தது. அன்ரி வழக்கம்போலச் சவர்க்காரத் தண்ணீர் வாளியைத் தூக்கினாள்.

"பொறுங்கோ அன்ரி."

அவன் மிஞ்சிய ரொட்டியைப் பிய்த்துச் சட்டிக்குள் போட்டான். கையை விட்டு, விளிம்புவரை ஒட்டியிருந்த கறுப்புக் குழம்பை வழித்து வழித்துப் பிசைந்தான். உருட்டி ஒன்றை அன்ரியின் கையில் வைத்தான். அவள் அதை இரண்டு கையாலும் வாங்கினாள். ஒன்றைத் தன் வாயில் போட்டான். தை மாதத்துக்குப் பிறகு தன்னுடைய வண்டியில் அவன் சாப்பிடுவது இதுதான் முதல்.

"உப்புக் கூட" என்றான்.

"ஓம். கை தவறிட்டுது."

கஜனிக்கு உப்புத் தவறாது. தூள் அவளுடையது. கை அன்ரியுடையது. பெட்டியை எத்தனை வருடம் பூட்டி வைத்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். அவன் மெதுவாக மென்றான். உப்புக்குக் கீழே, தொண்டைக்குப் போகிற இடத்தில், அவள் இருந்தாள். விழுங்கினான்.

கை பழக்கத்தில் மூன்று உருட்டியிருந்தது. மூன்றாவது இன்னும் அவனுடைய உள்ளங்கையில் இருந்தது. அன்ரி அதைப் பார்த்துவிட்டு மற்றப் பக்கம் திரும்பி, கழுவத் தேவையில்லாத ஒரு கரண்டியைக் கழுவினாள்.

சூடு ஆறும்வரை கீதன் அதை வைத்துக்கொண்டு நின்றான். பிறகு அதையும் சாப்பிட்டான்.