பொத்தான் மேசை

அவனை ஊரார் அட்டை என்றே அழைத்தனர். பெற்றோர் இட்ட பெயர் அலுவலகக் கதவில் எழுதப்பட்டிருந்தும் அதனை வாய்விட்டுப் படித்தவர் எவருமிலர். ஒருவரைப் பற்றிக்கொண்டால் உண்மையை உறிஞ்சாமல் விழமாட்டான் என்பதனால் வந்த பெயர் அது. துப்பறிவதே அவன் பிழைப்பு. தேநீரை ஆறவைத்துத்தான் குடிப்பான். கேள்வியைக் கேட்டுவிட்டுத் தன் நகங்களைப் பார்த்துக்கொண்டிருப்பான். எதிரிலிருப்பவர் அம்மௌனத்தைப் பொறுக்கமாட்டாமல் தாமே கொட்டிவிடுவார். உறவினர் விவகாரத்தில் தலையிடுவதில்லை என்று ஒரு விதியும் வைத்திருந்தான். அக்காளுக்காக அதனை மீறினான்.

தந்தை விட்டுச்சென்ற சலவை நிலையத்தை அக்காள் நடத்தி வந்தாள். கணவனை இழந்த அவளுக்கு மகள் ஒருத்தியே துணை. அப்பெண் ஒரு மாலை சலவை வண்டியை ஓட்டிச் சென்றபோது, சாலையைக் கடந்த முதியவர் ஒருவர்மீது மோதிவிட்டு நிற்காமல் வீடு திரும்பினாள். முதியவர் இறந்துபோனார். வண்டியின் முகப்பை அக்காளே கழுவினாள். கறை போக்குவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஆயினும் கழுவியதை எவனோ பார்த்துவிட்டான். பிறகு தொலைபேசி அழைப்புகள் வரலாயின.

அழைத்தவன் பணம் கேட்கவில்லை. வாடிக்கையாளர் நிறைந்திருக்கும் வேளையில் மகளைக் கன்னத்தில் அறையச் சொன்னான், அறைந்தாள். சத்தம் போதவில்லை என்றான், மீண்டும் அறைந்தாள். நண்பகல் வெயிலில் செருப்பின்றிக் கடைவாசலில் நிற்கச் சொன்னான். பாதம் கொப்பளிக்க நின்றாள். மறுத்தால் காவல் நிலையத்துக்குச் செய்தி போகும் என்பான். ஆள் யாரென்று மட்டும் கண்டுபிடித்துக் கொடுத்தால் போதும், பேசித் தீர்த்துக்கொள்கிறேன் என்று தம்பியிடம் அக்காள் வந்து நின்றாள்.

அட்டைக்கு அது பெரிய வேலையாயில்லை. உலர்த்துவதுபோல் ஈரவிரிப்பு ஒன்றைக் கடையின் முகப்பில் நாளுக்கு ஒரு பக்கமாகக் கட்டச் சொன்னான். எதிர்மாடியை மறைத்த நாளில், திரையை அவிழ்க்கச் சொல்லி அழைப்பு வந்தது. அம்மாடியில் கடிகாரம் பழுதுபார்ப்பவன் ஒருவனே இருந்தான். இளவயதில் அக்காளை மணமுடிக்கக் கேட்டு வந்தவன் அவன். தோழியர் நடுவே அவள் அவனைப் பார்த்துச் சிரித்ததைத் தெருவே அறியும்.

பெயரைச் சொன்னதும் அக்காள், "சிரிச்சதுக்கா இவ்வளவும்?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் கடிகாரக்காரன் தன் நாற்காலியில் கழுத்து நெரிபட்டுக் கிடந்தான்.

காவல் ஆய்வாளர் நண்பகலுக்குள் கொலையாளியைப் பிடித்துவிட்டார். சலவை வண்டியின் ஓட்டுநர் மொட்டை, வண்டி நிறுத்தும் தகராறில், "உன் கழுத்தை நெரிக்காம விடமாட்டேன்டா" என்று இறந்தவனை நோக்கித் தெருவறியக் கத்தியிருந்தான். ஆய்வாளருக்கு அதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை. இருப்பினும் பழைய பழக்கத்தை முன்னிட்டு அட்டையை அறைக்குள் அழைத்துக் காட்டினார்.

மேசை நிறையக் கடிகாரங்கள் திறந்து கிடந்தன. பிணத்தின் வாயோரம் இரத்தம் உறைந்திருந்தது. சட்டையிலோ ஒரு துளியுமில்லை. கொடியிலிருந்து எடுத்த, கசங்கிய சட்டை அது. கழுத்துப் பொத்தான் போடப்பட்டிருந்தது, இரண்டாவது திறந்திருந்தது, மூன்றாவது போடப்பட்டிருந்தது, நான்காவது திறந்திருந்தது, ஐந்தாவது போடப்பட்டிருந்தது. காலர் மட்டும் மடிப்புக் கலையாமல், விரலோட்டி நீவியதுபோல் நின்றது.

"அவசரத்துல மாட்டியிருக்கான், பாவம்," என்றார் ஆய்வாளர். "என்ன அட்டை, செத்தவன் சட்டையைக்கூட விடமாட்டியா?"

அவசரத்தில் மாட்டுபவனுக்குப் பொத்தான் துளை மாறிப்போகும். இப்படி ஒழுங்காக ஒன்று விட்டு ஒன்று அமையாது. சலவை நிலையத்தின் கடைசி மேசை அட்டையின் கண்முன் வந்தது. தேய்த்த சட்டையைத் தாங்கியில் தொங்கவிடுமுன் பையைத் தடவிப் பார்த்து, ஒன்று விட்டு ஒன்றாகப் பொத்தானிட்டு, காலரை நீவிவிடுவது அம்மேசையில்தான். வாடிக்கையாளர் பையில் மறந்துவிட்ட பொருள் களவுபோகக் கூடாதென்று, வேலையாள் எவரையும் தந்தை அதன் அருகில் அண்டவிட்டதில்லை. அவ்வழக்கம் இன்றும் மாறவில்லை. மொட்டை அதனைத் தொட்டதே கிடையாது. அக்காள் மகளோ அத்தொழிலையே வெறுத்துக் கல்லூரிக்குப் போனவள். அவ்விதம் பொத்தானிடும் கைகள் இரண்டு பேருக்கே உண்டு. ஒருவன் அங்கே நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் காவல் நிலையத்துக்குச் சென்றான். மொட்டையின் வலக்கை விரல்கள் வீங்கி, வாழைப்பூவின் நிறத்தில் இருந்தன. நான் கத்தினேன், ஆனால் மாடிப்படி ஏறவேயில்லை என்று ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னான். இன்று மாலைக்குள் ஒப்புக்கொண்டு கையெழுத்திடாவிட்டால் அடுத்த கையையும் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்களாம். எந்தக் கையால் கையெழுத்திடுவது என்று கேட்டு அவனே சிரிக்க முயன்றான்.

அங்கிருந்து அட்டை நேரே சலவை நிலையத்துக்கு வந்தான். கொதிகலனின் ஆவியில் சுவர்கள் வியர்த்திருந்தன. அக்காள் கடைசி மேசையில் நின்று சட்டைகளுக்குப் பொத்தானிட்டுக்கொண்டிருந்தாள். இடக்கையில் கட்டுப் போட்டிருந்தாள்.

"கையில என்னக்கா?"

"இஸ்திரிப் பெட்டி சுட்டுடுச்சு."

அவன் தன் நகங்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் அவனோடு வளர்ந்தவளாகையால் அவ்வுத்தி அவளிடம் பலிக்கவில்லை. கடைசியில் அவனே அவள் கையைப் பற்றிக் கட்டை அவிழ்த்தான். உள்ளங்கையில் பல்வரிசை ஆழப் பதிந்திருந்தது. அவள் கையை இழுத்துக்கொள்ளவுமில்லை.

பேசத்தான் போனேன் என்றாள். அடுத்து மகளின் தலையை மழிக்க வேண்டும், அதனையும் நீயே செய்யவேண்டும் என்று கடிகாரக்காரன் சொன்னானாம். சொல்லும்போது சிரித்தானாம். மேசையிலிருந்த கயிற்றை எடுத்தாள். வாயைப் பொத்திய கையை அவன் கடித்தான். அவன் சட்டையெங்கும் அவள் இரத்தம். அதனைக் கழற்றிக் கொதிகலன் அடுப்பில் போட்டுவிட்டு, வேறொன்றை மாட்டிவிட்டாள். பொத்தானிட்டது அவள் நினைவிலேயே இல்லை.

"மொட்டைக்கு விரல் உடைஞ்சிருக்கு," என்றான் அட்டை.

"தெரியும். கழுத்தை நெரிப்பேன்னு அவன்தானே கத்தினான்? அந்த நேரத்துல அது ஞாபகம் வந்துதான் கயிறை எடுத்தேன்." அவள் அடுத்த சட்டையை எடுத்தாள். "அவன் ஒண்டிக்கட்டைடா. அழ ஆளில்லை. எனக்குப் பொண்ணு இருக்கா."

அவளுக்குக் கோபங்கூட இல்லை என்பதே அவனை அச்சுறுத்தியது. பேசிக்கொண்டே கழுத்துப் பொத்தானையும் மூன்றாவதையும் போட்டுவிட்டாள்.

"இன்னிக்குச் சாயங்காலம் அவன்கிட்டக் கையெழுத்து வாங்கப் போறாங்க."

"வாங்கட்டும். நீ வாயைத் தொறந்தா என்ன ஆகும்னு யோசி. வண்டி விஷயம் வெளிய வரும், பொண்ணு உள்ள போவா. ஆளைக் காட்டிக்கொடுத்தது தம்பிதான்னு நான் சொல்வேன், நீயும் உள்ள போவே. நான் கொல்லப் போறது தெரிஞ்சேதான் நீ பேரைச் சொன்னேன்னு சொல்வேன். கூடப் பிறந்தவ சொன்னா நம்பாம இருப்பாங்களா?"

"ஃபோன்ல அவனும் இப்படித்தான் பேசினான், இல்லையாக்கா?"

அவள் கை ஒரு கணம் நின்றது. பிறகு ஐந்தாவது பொத்தானைத் தேடியது.

உட்கதவருகே மகள் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்பதை இருவரும் கவனித்திருக்கவில்லை. அவள் தாயைப் பார்க்காமல், "அந்தத் தாத்தா ஞாபகமாவே இருக்கு மாமா," என்றாள். அக்காள் உடனே அவளை உள்ளே போகச் சொல்லி அதட்டினாள். அவள் போகவில்லை. வெளியே தெருவில் எவரோ தம் துணி தயாரா என்று கேட்டுக் குரல் கொடுத்தார். அரைமணியில் கிடைக்கும் என்று அக்காள் வழக்கமான குரலில் பதில் சொன்னாள்.

அட்டை கைக்கட்டுத் துணியை மடித்து மேசைமேல் வைத்தான். தனக்கும் விலங்கு வரலாம் என்பதனை அவன் எண்ணிப் பார்க்காமலில்லை. எண்ணிப் பார்த்தபின்னும் மொட்டையின் விரல்கள் அவன் கண்முன் அப்படியே இருந்தன.

"நீயும் வா, அம்மாடி," என்று அக்காள் மகளிடம் சொன்னான். "வண்டி விஷயத்தை நீயே சொன்னாத்தான் உனக்கு நல்லது." பிறகு அக்காளின் பக்கம் திரும்பினான். "கையெழுத்து வாங்கறதுக்குள்ள நான் ஸ்டேஷனுக்குப் போறேன்க்கா. உன் பேரைச் சொல்லப் போறேன்."