கோட்டுப் போடாதவர்

கம்பஸில் படிப்பவன் எவனும் கொம்பியூட்டர் திருத்துவான் என்பது எங்கள் ஊரான கண்டாவளையில் முடிந்த முடிவு. நான் படிப்பது விவசாயம். நெல்லை எந்தப் பூச்சி எப்படித் தின்னும் என்று கேட்டால் சொல்லுவேன். ஆனாலும் விஜயதசமிக்கு அடுத்த நாள் காலையில் யோகண்ணை என்னைத்தான் கூப்பிட்டார்.

"அனோஜன், கொம்பியூட்டர் மூச்சு விடுது, கண் திறக்குதில்லை. ஒருக்கா வாறியே?"

யோகண்ணை சந்தியில் ஸ்டூடியோ வைத்திருப்பவர். கலியாணம், சாமத்தியவீடு எல்லாம் எடுப்பார். ஆனால் அவருக்குப் பெயர் வந்தது இல்லாதவர்களைப் படத்தில் இருத்துவதால். குடும்பப் படம் எடுக்கும்போதே "அப்பாவுக்கு இடம் விடுங்கோ" என்று சொல்லி, நடுவில் ஒரு வெறுங்கதிரையைப் போட்டு, அதன்மேல் மடிப்பில்லாமல் அயர்ன் பண்ணிய வெள்ளைத் துணியை விரிப்பார். பிறகு பழைய அடையாள அட்டைப் படத்திலிருந்து தலையை வெட்டி, தன்னிடமுள்ள கறுப்புக் கோட்டு உடம்பில் பொருத்தி, அந்தக் கதிரையில் இருத்திவிடுவார். அவரிடம் இருப்பது ஒரேயொரு கோட்டு. எங்கள் பக்கத்துச் சுவர்களில் அந்தக் கோட்டும் கழுத்தில் கட்டிய நீல ரையும் வேறு வேறு முகங்களோடு தொங்குகின்றன. எல்லாருடைய விரலிலும் ஒரே மோதிரம்.

நான் போனபோது மழை இருட்டு. கடைக்குள் நேசமலர் அன்ரி மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு இருந்தா. அவாவின் மகள் சுமித்திராவுக்கு ஆவணியில் கலியாணம் நடந்தது. இன்று இரவுப் பிளேனில் அவள் புருசனோடு பிரான்சுக்குப் போகிறாள். விமான நிலையத்துக்குக் கொண்டுபோகும் வான் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டதாம். கொண்டுபோக அப்பாவோடு ஒரு கலியாணப்படம் வேண்டும். அப்பா தங்கராசா போர் முடிந்த அந்த மே மாதத்தோடு காணாமற்போனவர். அவருடைய முகம் மிஞ்சியிருந்தது ஓர் அடையாள அட்டையில் மட்டும். அதையும் போன மாரி வெள்ளம் கரைத்துவிட்டது. அதற்கு முன் யோகண்ணை ஸ்கேன் பண்ணி வைத்திருந்ததால், உலகத்தில் தங்கராசா இருக்கக்கூடிய ஒரே இடம் அந்தக் கொம்பியூட்டர்.

அதன் நெற்றியில் சந்தனப்பொட்டு. கழுத்தில் செவ்வரத்தம் மாலை. திரை கறுப்பு.

"என்ன செய்தனீங்கள்?"

"ஒண்டும் செய்யேல்லை. ஆயுத பூசைக்கு வைச்ச சாமானில கை வைக்கலாமோ?"

"நிப்பாட்டி ஓவ் பண்ணினீங்களோ?"

"ஓவ் பண்ணுறதும் கை வைக்கிறதுதானே. போட்டபடி விட்டன். பாத்துக்கொண்டிருக்கத் தானா என்னவோ ஏத்திச்சுது, தானா நிண்டுது, தானா தொடங்கிச்சுது. சரி, சரஸ்வதி செய்யிறா எண்டு நினைச்சன்."

சரஸ்வதி, திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் ட்ரைவர் என்ற மென்பொருளைப் புதுப்பித்திருந்தா. பழைய கார்டு, புது ட்ரைவர் அதற்குப் பிடிக்கவில்லை. வேறு ஒன்றும் இல்லை.

வயரைக் கழற்றிப் பூட்டினேன். மாலையை எடுத்துவிட்டேன். தொடங்கும்போதே பட்டனை அழுத்திப் பிடித்து நிறுத்தினேன், திரும்பவும் அப்படியே. நாலைந்து தரம் கழுத்தை நெரித்தால் அது பயந்து திருத்தும் பக்கத்தைக் காட்டும் என்று போனில் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் அன்ரி கைப்பையை இறுக்கிப் பிடித்தா.

"தம்பி, உள்ளுக்க இருக்கிறவருக்கு ஒண்டும் ஆகாதே?"

"படத்துக்கு ஒண்டும் ஆகாது அன்ரி."

நீலப் பக்கம் வந்தது. சேஃப் மோட் என்பதைத் தெரிவுசெய்தேன். அதில் கொம்பியூட்டர் உயிர் வாழத் தேவையானதை மட்டும் வைத்துக்கொண்டு எழும்பும். எழும்பியது. எழுத்தெல்லாம் பூதாகாரம். நான் முதலில் ட்ரைவரைப் பழைய பதிப்புக்குத் திருப்பிவிட்டு, அன்ரியின் ஆறுதலுக்காகப் படத்தைத் திறந்தேன்.

மாப்பிள்ளை, சுமித்திரா, அன்ரி. நடுக்கதிரையில் ஒரு மனிதர்.

"நல்லா இருத்தியிருக்கிறீங்கள் அண்ணை," என்றேன்.

யோகண்ணை திரைக்குக் கிட்டக் குனிந்தார். பிறகு மெதுவாக, "நான் இன்னும் இருத்தேல்லை. தலையை வெட்டினனான், பூசை வந்திட்டுது," என்றார்.

"ஏஐ கீஐ ஏதும் பாவிச்சனீங்களோ?"

"நான் இன்னும் அந்த ஒரு கோட்டையே மாத்தேல்லையடா."

கதிரையில் இருந்தவர் கோட்டுப் போடவில்லை. மண்ணிறக் கட்டம் போட்ட சேட்டு. மேல் பொத்தான் இல்லை. அடையாள அட்டையில் முப்பதுகளில் இருந்த முகத்துக்கு இப்போது ஐம்பதுக்கு மேல். காதோரம் நரை, கன்னம் ஒட்டி. கையில் மோதிரமும் இல்லை.

அன்ரி கதிரையை இழுத்துத் திரைக்குக் கிட்டப் போட்டா. பயந்த மாதிரித் தெரியவில்லை. கலியாணவீட்டுக்குப் பிந்தி வந்த ஆளைப் பார்ப்பது மாதிரிப் பார்த்தா.

"மயிர் கொட்டிப்போச்சு," என்றா. "அவற்ர அப்பாவுக்கும் இப்பிடித்தான்." மேல் பொத்தான் இருக்கவேண்டிய இடத்தில் விரலை வைத்து, "இந்தச் சேட்டோடதான் போனவர். பொத்தான் தைச்சுத் தாறன் எண்டனான்."

அடையாள அட்டைப் படத்தில் தெரிவது ஒரு வெள்ளைக் கொலர் மட்டும். சேட்டைப் பற்றி எனக்கும் யோகண்ணைக்கும் ஒன்றும் தெரியாது.

கையை என்ன செய்வதென்று தெரியாமல் பிரிண்ட் கொடுத்தேன். சேஃப் மோட்டில் பிரிண்டர் வேலை செய்யாது. போனை எடுத்துத் திரையைப் படம் பிடித்தேன். கதிரை இருந்த இடத்தில் கறுத்த கோடுகள் மட்டும் ஓடின. பென் ட்ரைவில் கொப்பி எடுத்தேன். அச்செடுப்பதென்றால் ஒருக்கா நிறுத்தித் தொடங்க வேண்டும்.

"நிப்பாட்டினா இருப்பாரோ?" என்று அன்ரி கேட்டா.

பூச்சி பற்றிக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். "தெரியாது அன்ரி."

"நிப்பாட்டாமலே விடலாம்," என்றார் யோகண்ணை. பாவம், அந்தக் கடையில் அவரிடம் இருந்த ஒரே கொம்பியூட்டர் அது. "நீங்கள் வந்து வந்து பாக்கலாம்."

அன்ரியின் போன் அடித்தது. சுமித்திராவின் குரல் எங்களுக்கும் கேட்டது. "அம்மா, ட்ரைவர் கத்துறான். படம் கிடைச்சுதா இல்லையா?"

அன்ரி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அப்பாவைப் பாத்துக்கொண்டிருக்கிறன் பிள்ளை. கொண்டு வாறன்." போனை வைத்தா. பிறகு திரையைப் பார்த்து, வீட்டு மனிதரிடம் கடைக்குப் போய்வரச் சொல்லும் குரலில், "பிள்ளை வெளிக்கிடுறாள். வழிவிடுங்கோ," என்றா.

என்னைப் பார்த்துத் தலையாட்டினா. நான் நிறுத்தினேன்.

திரை கறுத்துக் கிடந்தது. யோகண்ணை சந்தனப்பொட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு எல்லாம் வழக்கமான அளவில், வழக்கமான நிறத்தில் வந்தது. படத்தைத் திறந்தேன். மாப்பிள்ளை, சுமித்திரா, அன்ரி. வெறுங்கதிரை. பென் ட்ரைவிலும் அப்படியே.

"பொறுங்கோ அக்கா," யோகண்ணை கையைத் துடைத்துக்கொண்டு முன்னே வந்தார். "வெட்டின தலை இருக்கு. உடன இருத்தித் தாறன்." அடையாள அட்டை முகத்தை இழுத்துக்கொண்டு வந்து கோட்டுக்கு மேல் வைத்தார். மனைவிக்குப் பக்கத்தில், அவாவின் மகனைப் போல ஓர் இளைஞர், நீல ரையோடு.

"அதை எடுங்கோ," என்றா அன்ரி.

எடுத்தார். அப்போதுதான் மூவரும் கதிரையைப் பார்த்தோம். யோகண்ணை தன் கையால் மடிப்பில்லாமல் விரித்த வெள்ளைத் துணி நடுவில் குழிந்து, ஓரங்களில் சுருங்கிக் கிடந்தது. ஒருவர் இருந்து எழும்பிப் போனால் எப்படிக் கிடக்குமோ அப்படி.

"நான் இப்பிடி விரிக்கிறேல்லை," என்றார் யோகண்ணை, யாரோ குற்றம் சொன்னது போல.

"தெரியும்," என்றா அன்ரி. "இப்பிடியே அடிச்சுத் தாங்கோ. இனி ஆரையும் இதில இருத்த வேண்டாம்."

பிரிண்டர் வேலை செய்தது. அன்ரி படத்தைப் பொலித்தீனில் சுற்றி, சேலைக்குள் வைத்துக்கொண்டு மழைக்குள் நடந்தா.

பழைய ட்ரைவருக்கு இப்படி ஏதும் குணம் உண்டா என்று போனில் தேடிப் பார்த்தேன். இல்லை.

யோகண்ணை அடுத்த கலியாணத்துக்குப் புதுக் கதிரை வாங்கினார். பழையது கடை மூலையில், அந்தத் துணியோடு இருக்கிறது. வருபவர்கள் நின்றுகொண்டுதான் கதைக்கிறார்கள். இருக்கச் சொல்லி அவர் கேட்பதில்லை. நானும் போனால் நிற்கிறேன்.