இருமலா, திக்கலா?

எங்கள் தெருவில் 'ரேடியோ' என்றால் அது மெக்கானிக்கைத்தான் குறிக்கும். மனிதர் வாயை மூடி யாரும் பார்த்ததில்லை. எனக்கு அவரைக் கண்டாலே ஆகாது. ஆனாலும் அண்ணியின் டாக்ஸியைப் பார்க்க நானே போய் அவரைக் கூட்டிவர வேண்டியதாயிற்று. மற்ற ஒர்க்‌ஷாப்காரர்கள் எல்லோரும் கையை விரித்துவிட்டார்கள்.

கார் பழசு. ரோட்டில் போகும்போது இன்ஜின் விட்டுவிட்டு ஓடும், வண்டியே உதறும். ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தினால் பச்சைப்பிள்ளை மாதிரி சாதுவாக இருக்கும். கார்புரேட்டரைத் திரும்பத் திரும்பக் கழற்றிக் கழுவியும் தீரவில்லை. "வண்டி நல்லாதாங்க இருக்கு, ஓட்டுறவங்க கால்தான் சரியில்ல" என்று ஒருவர் சொல்ல, அண்ணன் அதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். அண்ணியைக் கேட்காமல் பழைய இரும்பு வாங்குகிறவரைச் சாயங்காலம் வரச் சொல்லிவிட்டான். வண்டி போனால் அண்ணியின் தொழில் போச்சு. அதைவிட, ஓட்டத் தெரியாதவள் என்ற பெயர் நிலைத்துவிடும். அண்ணி காலையிலிருந்து சாப்பிடவில்லை.

ரேடியோ வந்ததும் பானெட்டைத் திறப்பார் என்று பார்த்தால், அண்ணி எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"என்ன பண்ணுதும்மா?"

"இருமுதுங்க."

எல்லோரிடமும் அதைத்தான் சொல்லியிருந்தோம். எங்கள் வீட்டில் எது கெட்டாலும் இருமல்தான். குழாய் இருமும், மோட்டார் இருமும்.

"எப்படி இருமுது? வாயால செஞ்சு காட்டுங்க."

அண்ணன் சிரித்தான். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். இதுல நடிப்பு வேறயா?"

அண்ணி அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "டுடுடுடு... டு... டுடு..... டுடுடு... டு" என்றார். அச்சு அசல் அந்த வண்டியேதான்.

"இது இருமல் இல்லம்மா, திக்கல்!" என்றார் ரேடியோ. "இருமினா பெட்ரோல் கோளாறு, டப்புனு சத்தம் வெளிய வரும். இங்க சத்தம் முழுங்கிப் போகுது. அப்படின்னா கரண்ட் நடுவுல விட்டுப் போகுது. இருமுதுன்னு சொன்னா எவனும் கார்புரேட்டரைத்தான் கழுவுவான். எப்ப திக்குது?"

"ஒரே சீரா போறப்பதான். அழுத்தி மிதிச்சா சரியாயிடும். நின்ன இடத்துல சும்மா ஓடுறப்பவும் திக்காது. யார்கிட்ட சொன்னாலும் நம்ப மாட்டேங்குறாங்க."

ரேடியோ நின்றுவிட்டது. அந்த மனிதர் பேசாமல் இருந்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பானெட்டைத் திறந்தார். அண்ணியை உள்ளே உட்காரவைத்து, ஆக்சிலரேட்டரைப் பாதி மிதித்து அப்படியே பிடிக்கச் சொன்னார். இன்ஜின் திக்கியது. கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிப்யூட்டரிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் சின்ன ரப்பர் குழாயை உருவி, கார்புரேட்டர் பக்கத்து ஓட்டையை விரலால் அடைத்தார். திக்கல் நின்றது. குழாயை மாட்டினார், திக்கியது. உருவினார், நின்றது. எனக்குப் புல்லரித்துவிட்டது.

"இந்தக் குழாய் உறிஞ்சுறப்ப உள்ள ஒரு தட்டு நகரும். கூடவே ஒரு ஒயரும் நகரும்" என்றார். இன்ஜினை அணைத்து, டிஸ்ட்ரிப்யூட்டர் மூடியைக் கழற்றி, விரல் நீள ஒயர் ஒன்றை வெளியே எடுத்தார். பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. இரண்டு முனையையும் பிடித்து இழுத்தார். ரப்பராக நீண்டது.

"மேல தோல் முழுசா இருக்கு, உள்ள கம்பி அறுந்துபோச்சு. தட்டு நகர்ந்தா விட்டுப் போகும், திரும்பி வந்தா தொட்டுக்கும். அழுத்தி மிதிச்சாலும், நின்ன இடத்துல சும்மா ஓடினாலும் குழாய் உறிஞ்சாது, அதான் அப்ப திக்கல." பிறகு அண்ணன் பக்கம் திரும்பினார். "கூடம் கோணல்தான் சார். இத என்னை விட்டா எவன் கண்டுபிடிப்பான்? ஆனா இவங்க இவ்வளவு துல்லியமா சொல்லலேன்னா நானும் கார்புரேட்டரைத்தான் கழுவியிருப்பேன்."

என்ன மனிதர் இவர்! என்ன காது அண்ணிக்கு!

புது ஒயர் மாட்டியதும் அண்ணி தெருவை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவரக் கிளம்பினார். அப்போதுதான் இரும்புக்காரர் லாரியோடு வந்து நின்றார்.

"சார், பேசின வண்டி எங்க?"

பின்தெருவிலிருந்து இன்ஜின் சத்தம் இழுத்த நூல் மாதிரி ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. அது நெருங்கி வாசலுக்கு வரும்வரை அண்ணன் கேட்டுக்கொண்டே நின்றான்.

"அது என் வண்டி இல்லீங்க" என்றான். "ஓட்டத் தெரிஞ்சவ அதோ வர்றா. அவளக் கேளுங்க."

அண்ணி நிறுத்தவில்லை. இரும்புக்காரருக்கு ஒரு ஹாரன் அடித்துவிட்டு, இன்னொரு சுற்றுக்குப் போய்விட்டார்.