பக்கத்துக்கு வெளியே

அப்பாவை முன்னறையில் கிடத்தியிருந்தார்கள். உள்ளறையில் மகள் அவருடைய நாற்காலியின் உயரத்தைக் குறைத்துக்கொண்டிருந்தாள். அப்பா நெட்டை; அவள் அம்மாவைப் போலக் குட்டை. இறுகிக் கிடந்த பிடியை இரண்டு கையாலும் அமுக்கியதில் நாற்காலி தடாலென்று இறங்கியது. முன்னறைப் பேச்சு சட்டென்று நின்றது.

"என்னடி உடைஞ்சது?" என்று அத்தை குரல் கொடுத்தாள்.

"ஒண்ணுமில்ல அத்தை. நாற்காலி."

பேச்சு மறுபடி தொடங்கியது.

காலையில் கல் வெட்டுகிறவர் போன் செய்திருந்தார். அம்மாவின் கல்லறைக் கல்லை வெட்டியவர் அவர்தான். "நாளைக்கு மெஷினைக் கழட்டி வேற இடத்துக்குக் கொண்டுபோறேன்மா. திரும்ப மாட்ட ரெண்டு மாசம் ஆயிடும். அப்பா பேரை இன்னிக்கே குடுத்தா வெட்டி வச்சிடுறேன். போட்டோ மட்டும் அனுப்பாதீங்க, ஓரமெல்லாம் பல்லு பல்லா வரும். அம்மாவுக்கு அப்பா குடுத்தாரே, அந்த மாதிரி கோடா குடுங்க. அந்த ஃபைல் என் பழைய கம்ப்யூட்டரோட போயிடுச்சு."

அம்மாவின் கல்லுக்கு எழுத்துகளை அப்பாவே வரைந்தார். ஆயுள் முழுக்கக் கடைகளுக்குப் பெயர்ப்பலகை வரைந்தவருக்கு, கடையில் கிடைக்கும் எழுத்து ஒன்றும் அம்மாவுக்குப் பிடிக்காது என்று தோன்றிவிட்டது. ஒவ்வொரு எழுத்தையும் புள்ளி வைத்து, வளைத்து, இழுத்து, மூன்று வாரம் உட்கார்ந்தார். பக்கத்துக் கல்லில் அப்பா வேறு எழுத்தில் இருப்பதா? அவளால் அதை நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அப்பாவின் மென்பொருளைத் திறந்தாள். சந்தா முடிந்துவிட்டது என்றது. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த மாதங்களில் அதைக் கட்ட யாருக்குத் தோன்றும்? புதுப்பிக்கலாம் என்றால் கடவுச்சொல் கேட்டது. அது அப்பாவோடு போயிருந்தது. அந்த மென்பொருளில் சேமித்த கோப்பை வேறெதிலும் திறக்க முடியாது.

இதைத்தான் அவள் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளும் கோடு போடுகிறவள்தான். பேருந்து வழித்தட வரைபடங்கள் வரைவது அவள் உத்தியோகம், அதுவும் இலவச மென்பொருளில். "அப்பா, எஸ்விஜி ஃபைலா ஒரு காப்பி போட்டு வைங்க. நாளைக்கு எவன் கம்ப்யூட்டர்லயும் திறக்கலாம். உங்க கம்பெனிக்காரன் கதவைச் சாத்திட்டா என்ன பண்ணுவீங்க?"

"ஒரே படத்தை ரெண்டு தடவை சேவ் பண்ண எனக்கென்ன ரெண்டு உசுரா இருக்கு?" என்பார் அப்பா. காசு கொடுத்து வாங்காத பொருள்மேல் அவருக்கு மரியாதை கிடையாது.

அவர் கேட்கமாட்டார் என்று தெரிந்தும், போன வருஷம் அவளே திரையில் 'திறந்தவை' என்று ஒரு கோப்புறையை உருவாக்கி வைத்துவிட்டுப் போனாள். இப்போது தேடினாள். அந்தப் பெயரில் ஒன்றுமில்லை. அதே இடத்தில் 'நச்சரிப்பு' என்று ஒன்று இருந்தது.

அவள் சிரித்துவிட்டாள். அழுகிறாள் என்று நினைத்து அத்தை ஒரு டம்ளர் தண்ணீரை மேசைமேல் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போனாள்.

உள்ளே வரிசையாகக் கோப்புகள். மருந்துக்கடை, தையற்கடை, பல் டாக்டர். கடைசியில் அம்மாவின் பெயர்.

அவள் கொண்டுவந்திருந்த மடிக்கணினியில் மாற்றித் திறந்தாள். அம்மாவின் பெயரும் பிறந்த, இறந்த வருஷங்களும் கருப்பாக, கூராக நின்றன. பெரிதாக்கிப் பார்த்தாள். ஓரம் உடையவில்லை. ஆனால் அப்பாவின் பெயருக்கு வேண்டிய எழுத்துகளில் பாதிகூட அதில் இல்லை.

அண்ணன் வாசலில் வந்து நின்றான். வாரக் கடைசியில் விமானம் ஏற வேண்டியவன். கல் வைக்கும்போது இருக்க வேண்டும் என்பது அவன் கவலை.

"கிடைச்சுதா?"

"அம்மாவோடது கிடைச்சிருக்கு. அப்பா பேருக்கு எழுத்து பத்தல."

"ஏதாவது ஒரு எழுத்தைப் போட்டு அனுப்பேன். யாரு பாக்கப் போறா?"

"நான் பாப்பேன்."

அவன் கதவில் சாய்ந்துகொண்டான்.

பழக்கதோஷத்தில், வரைந்தது முழுவதையும் ஒருசேரக் காட்டும் விசையை அழுத்தினாள். அம்மாவின் பக்கம் விறுவிறுவென்று சுருங்கி ஒரு மூலைக்குப் போயிற்று. அப்படிச் சுருங்கினால் பக்கத்துக்கு வெளியே எங்கோ ஏதோ கிடக்கிறது என்று அர்த்தம். அச்சில் வராது, மெஷின் வெட்டாது. வேண்டாததையும் பிறகு வேண்டியதையும் வரைகிறவர்கள் அங்கேதான் ஒதுக்கி வைப்பார்கள்.

வலது பக்கம் தூரத்தில் அப்பாவின் பெயர் இருந்தது. அதே எழுத்து, அதே தடிமன். கீழே பிறந்த வருஷம். அதையடுத்து ஒரு சின்னக் கோடு. அதற்கப்புறம் ஒன்றுமில்லை.

அவளுக்குக் கோபம்தான் வந்தது. எல்லாம் செய்து வைத்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் போயிருக்கிறார் மனிதர்.

"வரைஞ்சு வச்சிருக்காரு," என்றாள்.

அண்ணன் கிட்டே வந்து குனிந்து பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். "மிச்சத்தை நீதான் போடணும்போல," என்றான்.

இரண்டும் சுழியும் அம்மாவின் வருஷத்திலிருந்து கிடைத்தன. கடைசியில் வேண்டியது ஆறு. அது இரண்டு பேரிடமும் இல்லை.

"ஒன்பதைக் கவுத்துப் போட்டுடு."

கவிழ்த்துப் பார்த்தாள். அப்பா ஒன்பதின் வாலை நேராக இறக்கியிருந்தார். தலைகீழாக்கினால் கம்பு நட்ட பானை மாதிரி இருந்தது. அண்ணனே, "வேண்டாம், எடுத்துடு" என்றான்.

அவள் திரையில் பேனாக் கருவியை எடுத்தாள். வளைவு கோணலாகப் போகப் போக, புள்ளிமேல் புள்ளியாக வைத்துச் சரிக்கட்டினாள். ஆறு வந்துவிட்டது, ஆனால் உடம்பெல்லாம் புள்ளி. அப்பா பார்த்திருந்தால், "ஒரு வளைவுக்கு இத்தனை ஆணியா? என்ன, வேலி கட்டுறியா?" என்றிருப்பார்.

வெளியே வண்டி வந்து நின்றது. "எடுக்கலாமா?" என்று யாரோ கேட்டார்கள். அண்ணன் போனான்.

அவள் ஒவ்வொரு புள்ளியாக அழித்தாள். ஒன்று போகும்போது வளைவு பதறி விலகும். மிச்சமிருக்கும் புள்ளியிலிருந்து நீளும் கையைப் பிடித்து இழுத்துச் சரிசெய்வாள். நாலைந்து புள்ளியில் ஆறு நின்றது. அப்பாவின் வரியைத் தனிப் பக்கத்தில் நடுவாக வைத்து, எஸ்விஜியாகச் சேமித்து அனுப்பினாள்.

எழுந்திருக்கும் முன்பே போன் அடித்தது.

"நல்லாத் திறக்குதும்மா. எழுத்தெல்லாம் அப்பா கைதான், பாத்ததும் தெரியுது. அந்தக் கடைசி நம்பர் மட்டும் லேசா சாஞ்சிருக்கு. நான் நிமித்திடட்டுமா?"

"வேண்டாம்," என்றாள். "அப்படியே வெட்டுங்க."

முன்னறையில் எல்லோரும் எழுந்து நின்றிருந்தார்கள். அண்ணன் சவப்பெட்டியின் தலைமாட்டில் ஒரு பக்கம் குனிந்திருந்தான். எதிர்ப்பக்கப் பிடி காலியாக இருந்தது. அவள் போய் அதைப் பிடித்துக்கொண்டாள்.