பல்லுக்கு ஒரு டெர்மின்

மெத்தையின் மூலையை இடது கையால் தூக்கிப் பிடித்து, வலது கையால் விரிப்பை உள்ளே செருகும்போதுதான் அது முட்டும். இடது மார்பின் வெளிப்புறத்தில், கமக்கட்டுக்குச் சற்றுக் கீழே. புளியங்கொட்டையை விடக் கொஞ்சம் பெரிது. நோகாது. நொந்தாலாவது கம்சனாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பால்கட்டு என்றால் தொட விடாது, நெருப்பாய்க் கொதிக்கும் என்று பிள்ளை பிறந்த புதிதில் வீட்டுக்கு வந்துபோன மருத்துவிச்சி சொல்லியிருந்தாள். இது தன்பாட்டில், வாடகை கொடுக்காத குடித்தனக்காரன் மாதிரி உள்ளே இருந்தது.

முதலில் கண்டுபிடித்தது ஆதிரைதான். பல்லு முளைக்கிற வயதுப் பிள்ளை, இடது பக்கம் வாயை வைப்பதும் முகத்தைத் திருப்பி வீரிடுவதுமாக இருந்தாள். என்ன கோதாரி என்று கம்சனா தடவிப் பார்த்தபோது விரலுக்குள் உருண்டது. அடுத்த நாளே, ஹோட்டலில் தன்னோடு அறை துப்புரவாக்கும் யோசப்பின் என்ற அக்காவிடம் சொன்னாள். நாலு பெற்று வளர்த்த மனுசி.

"எடி, உது பால்கட்டு. சுடுதண்ணித் துணியைப் பிடிச்சு, கோவா இலையை வைச்சுக் கட்டு. கரைஞ்சு போகும்."

முட்டைக்கோவா இலை வாடி வாடி விழுந்ததே தவிரக் கட்டி கரையவில்லை. கடைசியில் பெண் மருத்துவரிடம் போனாள். அவர் ஸ்கேன் கருவியை மார்பில் வைத்து உருட்டிவிட்டு, பெரிய ஆஸ்பத்திரியில் வடிவாகப் பார்க்கவேண்டும் என்று தானே போன் அடித்து நாளும் நேரமும் குறித்து ஒரு டெர்மின் எடுத்துக் கொடுத்தார். அவசரம் என்றபடியால்தான் இவ்வளவு கெதியாகக் கிடைத்தது, விட்டுவிடாதே என்றும் சொன்னார். ஆனால் அந்த டெர்மின் விழுந்தது மெஸ்ஸெ கிழமையில்.

ஹனோவரில் மெஸ்ஸெ என்றால், அந்த வாரம் முழுக்கக் கண்காட்சிக்கு வருகிறவர்களால் ஊர் நிரம்பி வழியும். ஹோட்டலில் ஓர் அறை வெறுமையாக இராது. துப்புரவு வேலைக்கு ஆட்களை அனுப்புவது ஒரு கொம்பனி. அங்கே வேலை செய்கிறவர்களில் அரைவாசிப் பேர் தமிழர்கள், அவர்களுக்கெல்லாம் பொறுப்பு சிறீதரன் அண்ணை. கொம்பனிக்கு ஒரு ஒபிஸ் இருக்கிறது, அங்கே ஜெர்மன்காரர் இருக்கிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஒருவரும் அந்தப் பக்கம் போவதில்லை. வேலை கேட்பது, லீவு கேட்பது, சண்டை பிடிப்பது எல்லாம் அண்ணையிடம்தான். கணவன் கிருஷாந் வேலை செய்த பிட்சாக் கடையை முதலாளி இழுத்து மூடியபோது, "பிள்ளையை நீர் பாரும், மனிசியை அனுப்பும்" என்று கம்சனாவுக்கு இந்த வேலையை எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான். அரை வருசம் ப்ரோபசைட், ஆளைத் தகுதி பார்க்கிற காலம். அதை ஒழுங்காக ஓட்டினால் நிரந்தரம்.

தாய்ப்பால் கொடுக்கிறாள் என்பதும் அங்கே யோசப்பினைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. "சொல்லிப்போடாத. சொன்னா எடுக்கமாட்டாங்கள்" என்று சேர்ந்த அன்றே அக்கா காதுக்குள் ஓதியிருந்தாள். அதனால் மற்றவர்களுக்கு ஆதிரை போத்தல் பால் குடிக்கிற பிள்ளை.

துவாய்கள் அடுக்கிய சிறிய அறையில் சிறீதரன் அண்ணை தலையணை உறைகளை எண்ணிக்கொண்டிருந்தார். கம்சனா வாசலில் நின்று தொண்டையைச் செருமினாள்.

"அண்ணை, வாற கிழமை எனக்கொரு டெர்மின் இருக்கு. காலமை மட்டும்தான்."

"மெஸ்ஸெக்கயோ?" அவர் திரும்பினார். "என்ன டெர்மின் பிள்ளை?"

என்ன சொல்வதென்று வரும் வழியெல்லாம் யோசித்துத்தான் வந்தாள். ஆஸ்பத்திரி என்று தொடங்கி, ஒரு கட்டி என்று சொல்லி, அப்படியே முடித்துவிடலாம். எங்கே என்று கேட்டால்? தகப்பன் வயது மனிதர், திருவிழாவில் வேட்டியும் திருநீறுமாக நின்று எல்லாரையும் வாங்கோ வாங்கோ என்கிறவர். அவருடைய முகத்தைப் பார்த்து அந்த இடத்தின் பெயரை எப்படிச் சொல்வது? நாக்குத் தானாக ஒரு வழி கண்டுபிடித்தது.

"பல்லு அண்ணை."

"அட, பல்லோ!" அவருடைய முகம் இளகிப் போய்விட்டது. "நான் என்னவோ ஏதோ எண்டு பயந்திட்டன். உது மெஸ்ஸெ முடியப் பாக்கலாம் பிள்ளை. இப்ப ஒராள் குறைஞ்சாலும் எனக்கு ஏலாது. ப்ரோபசைட்டுக்க நிக்கிறீங்கள், உங்கட நன்மைக்குத்தான் சொல்லுறன். நில்லுங்கோ."

மேல்சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பக்கற்றை எடுத்து நீட்டினார். கராம்பு. "ஒண்டை எடுத்து நோகிற பல்லில வைச்சுக் கடியுங்கோ. மரத்துப் போகும். நானும் உதிலதான் காலத்தை ஓட்டுறன்."

கம்சனா வாங்கிக்கொண்டாள்.

வீட்டில் கிருஷாந் ஆதிரையை மடியில் வைத்துக் கொண்டு கரட் மசித்து ஊட்டிக்கொண்டிருந்தான். கேட்டதும் கரண்டியைக் கீழே வைத்தான்.

"பல்லெண்டே சொன்னனீர்? உமக்கென்ன விசரோ?"

"வேற என்னத்தைச் சொல்ல? அந்த மனுசனிட்ட நான் எப்பிடிச் சொல்லுறது? நீங்கள் ஆம்பிளையள்தானே, நீங்கள் எடுத்துச் சொல்லுங்கோவன்."

கிருஷாந் போனைக் கையில் எடுத்தான். அண்ணையின் பெயர் வரும்வரை உருட்டினான். பிறகு பிள்ளையின் வாயைத் துடைத்தான். "நானோ? மனிசிக்கு இன்ன இடத்தில கட்டியெண்டு நான் எப்பிடியப்பா அவரிட்டக் கதைக்கிறது?" என்றான். கோபம் போய் வெட்கம் வந்துவிட்டது. கடைசியில் அந்தப் போனாலேயே ஆஸ்பத்திரிக்கு அடித்து, டெர்மினை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டான். அடுத்தது மெஸ்ஸெ முடிந்தும் ஒரு மாதத்துக்குப் பிறகுதான் கிடைத்தது. இவ்வளவு நாள் இருந்தது இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் தேற்றிக்கொண்டார்கள்.

மெஸ்ஸெ கிழமையில் பொய்யையும் சேர்த்துச் சுமக்கவேண்டியிருந்தது. இடைவேளையில் எல்லாரும் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கும்போது கம்சனா வலது பக்கத்தால் மட்டும் மென்றாள். ஒருநாள் மறந்துபோய் முறுக்கைக் கடித்துவிட்டு, எல்லாரும் பார்க்கிறார்களோ என்று தாடையைப் பொத்திக்கொண்டாள். பால் கனத்து மார்பு பாறையாகும்போது கழிவறைக்குள் போய்க் கையால் பிழிந்து ஊற்றிவிட்டு வருவாள். முகம் வாடியிருந்தால் அண்ணை தூரத்தில் நின்றே தாடையைத் தொட்டுக் காட்டி, "எப்பிடி?" என்று தலையை ஆட்டுவார். இவள் பரவாயில்லை என்று தலையாட்டுவாள்.

யோசப்பினுக்குத்தான் பொறுக்கவில்லை. கட்டிலின் மறுபக்கத்தில் நின்று விரிப்பை இழுத்தபடி, "எடி, நான் சொல்லட்டே சிறீதரனுக்கு?" என்றாள்.

"ஐயோ, வேண்டாமக்கா. உங்கட வாயில விழுந்தா முழு ஹனோவரும் நாளைக்கு என்ர நெஞ்சைத்தான் பாக்கும்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது, உடனே அடங்கியும் போனது. கையிலிருந்த விரிப்பைக் கட்டிலில் போட்டாள். "பால்கட்டெண்டு நான்தானே சொன்னன், பாவி. நான்தானே இலையைக் கட்டச் சொன்னன்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தாள். கம்சனாவுக்கு அழுகை வரவில்லை. அக்கா போட்ட விரிப்பின் அந்தப் பக்கத்தையும் தானே போய்ச் செருகினாள்.

மாற்றிய டெர்மின் வந்தபோது அண்ணை மறுபேச்சின்றி விட்டார். ஆஸ்பத்திரியில் மார்பை இரண்டு தட்டுகளுக்கு இடையில் அழுத்திப் படம் எடுத்தார்கள். தட்டில் பால் சிந்தியது. தாதி துடைத்தாள். பிறகு ஊசி போட்டு, கட்டியில் கொஞ்சம் தசை எடுக்கவேண்டும் என்றார்கள், அதற்கு இன்னொரு நாள். முடிவு சொல்ல மற்றொரு நாள். ஒவ்வொரு முறையும் பல்லும் கூடவே வளர்ந்தது. சொத்தை என்றாள், வேர் பழுது என்றாள். "வேரெண்டா லேசில விடாது பிள்ளை" என்று அண்ணை தன் பல்லின் கதையைச் சொல்லி அனுதாபப்பட்டார்.

முடிவு சொன்ன டொக்டர் இளம் பெண். கம்சனாவுக்கு விளங்கவேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாக, ஆறுதலாகப் பேசினார். புற்றுநோய். கமக்கட்டுக்கும் வந்திருக்கிறது. முதலில் மருந்து ஏற்றவேண்டும், பிறகு சத்திரசிகிச்சை. மருந்து தொடங்குமுன் பால் கொடுப்பதை நிறுத்திவிட வேண்டும். பக்கத்தில் இருந்த கிருஷாந் ஆதிரையின் சப்பாத்தைக் கழற்றிக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தான்.

டொக்டர் கணினியைப் பார்த்தார். "உங்களுக்கு இதைவிட முந்தி ஒரு டெர்மின் இருந்திருக்கிறதே. ஏன் வரவில்லை?"

பல்லு என்ற சொல் கம்சனாவின் வாய்வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, "வேலை" என்றாள். டொக்டர் தலையசைத்து அதைத் தட்டச்சு செய்தார்.

திரும்பி வரும்போது ட்ராமில் பயம் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். வரவில்லை. கடையில் எந்தப் பால்மா மலிவு, ஆதிரை போத்தலைப் பிடிப்பாளோ மாட்டாளோ என்றுதான் யோசனை ஓடியது. கிருஷாந் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி அழுதுகொண்டு வந்தான். அதைப் பார்க்கவும் யாரோ முன்பின் தெரியாத ஆள் அழுவதைப் பார்ப்பது போலத்தான் இருந்தது.

அடுத்த நாள் வேலைக்குப் போனாள். பிள்ளைக்குப் பால் கொடுக்காமலே வெளிக்கிட்டிருந்தாள். ஆதிரை போத்தலைத் தட்டிவிட்டு அழுத சத்தம் மாடிப்படி இறங்கும் வரைக்கும் கேட்டது. இன்றைக்கு அண்ணையிடம் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்திருந்தாள். இனி மறைக்கவும் ஏலாது. கழிவறையில் பிழியப் போகக்கூட நேரமில்லாமல் நாலாம் மாடியில் கட்டில்களை மாற்றிக்கொண்டிருந்தபோது, அவரே ஆளனுப்பிக் கூப்பிட்டார்.

"பிள்ளை, ஒண்டு சொல்லவேணும். மனசில எடுக்காதேங்கோ." துவாய் அடுக்கின் விளிம்பை நேராக்கினார். "உங்களை ப்ரோபசைட்டோட நிப்பாட்டச் சொல்லி மேலயிருந்து சொல்லிப்போட்டாங்கள். மாச முடிவோட. வந்து சேர்ந்த உடனயே பல்லு பல்லெண்டு இவ்வளவு டெர்மின் எடுக்கிற ஆள், நிரந்தரமாக்கினா என்ன செய்யுமெண்டு கேக்கிறாங்கள்."

"ஓம் அண்ணை."

"நானும் கதைச்சுப் பாத்தன். வேற ஏதும் பெரிய வருத்தமெண்டா கட்டிப்பிரண்டு சண்டை பிடிச்சிருப்பன். பல்லுக்கு நான் என்னெண்டு சண்டை பிடிக்கிறது, நீங்களே சொல்லுங்கோ."

அவர் உண்மையாகவே கவலைப்பட்டார். கண் கலங்கியிருந்தது. கம்சனா அந்தக் கண்ணைப் பார்த்தாள்.

"பல்லில்லை அண்ணை."

"பின்ன?"

அவள் வாயைத் திறந்தாள். சொல் வருவதற்கு முன்னால் பால் வந்துவிட்டது. நீலச் சட்டையில் இரண்டு பக்கமும் ஈரம் பரவி, பெரிதாகிக்கொண்டே போனது. சிறீதரன் அண்ணையின் பார்வை ஒருகணம் அதில் விழுந்தது. நெருப்பில் கை வைத்தவர் மாதிரி சட்டென்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ஐயோ பிள்ளை... முதல்ல போய் உடுப்பை மாத்துங்கோ. ஆக்கள் பாப்பினம்."

"அண்ணை, எனக்கு..."

"போங்கோ பிள்ளை, போங்கோ." அவர் குனிந்த தலை நிமிராமல் அவளைத் தாண்டி வெளியே போய், மரியாதையாகக் கதவைச் சாத்திவிட்டார். நடையில் அவருடைய சப்பாத்துச் சத்தம் வேகமாகத் தூரப் போனது.

கம்சனா ஈரச் சட்டையைக் கழற்றி, கொழுவியிருந்த வேறொன்றைப் போட்டுக்கொண்டாள். யாருடையதோ, தொளதொளவென்று இருந்தது. பழைய சட்டைப் பையிலிருந்து அறைத் திறப்பையும் கராம்புப் பக்கற்றையும் எடுத்தாள். பக்கற் இன்னும் பிரிக்காமலே இருந்தது. பிரித்து, ஒன்றை எடுத்துக் கடைவாய்ப் பல்லில் வைத்துக் கடித்தாள். முதலில் எரிந்தது. பிறகு நாக்கு மெல்ல மெல்ல மரத்துப் போனது.

நாலாம் மாடியில் தள்ளுவண்டி விட்ட இடத்திலேயே நின்றது. அடுத்த கதவைத் தட்டினாள். உள்ளே ஆளில்லை. ஊத்தை விரிப்பை உருவிப் போட்டு, புதியதை உதறி விரித்து, மெத்தையின் மூலையைத் தூக்கிச் செருகினாள். விளிம்பு வழக்கமான இடத்தில் முட்டியது. நோகவில்லை.