எனக்குப் பிடித்த ஸ்பீக்கர்

எங்கள் வெள்ளிமணி இசைக்குழுவில் எந்தச் சாமான் வாங்கினாலும் என் காதுதான் தீர்ப்புச் சொல்லும். கீபோர்ட் வாங்கியபோதும் அப்படித்தான், மிக்ஸர் வாங்கியபோதும் அப்படித்தான். "தனம் கேட்டுட்டு சரின்னு சொல்லட்டும்" என்று என் கணவர் கன்னையா ஒதுங்கி நின்றுவிடுவார். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் தனலெட்சுமி என்றால் பாட்டுக்காரி தனலெட்சுமிதான். இருபது வருஷமாகக் கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று பாடி வருகிறேன். வாத்தியக்காரர் யாராவது கொஞ்சம் சுருதி விலகினாலும் பாட்டின் நடுவிலேயே திரும்பி முறைப்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பாட்டுக்காரிக்கு வாய் நீளமாக இல்லாமல் வேறு எது நீளமாக இருக்க வேண்டும்?

தொண்ணூற்றேழில் என் கணவருக்கு முதுகுத்தண்டில் கோளாறு வந்தது. எங்கள் பழைய ஸ்பீக்கர்கள் பீரோ மாதிரி மரப்பெட்டிகள். அவை போதாதென்று தனியாக இரும்புப் பெட்டி நிறைய ஆம்ப்ளிஃபையர்கள். எல்லாவற்றையும் வேனில் ஏற்றி இறக்குவதற்குள் மனிதர் பாதியாகிவிடுவார். இனி பாரம் தூக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்போதுதான் ஆம்ப்ளிஃபையரை உள்ளேயே வைத்துச் செய்த ஸ்பீக்கர்கள் கோலாலம்பூர்க் கடைகளுக்கு வர ஆரம்பித்திருந்தன. பிளாஸ்டிக் உடம்பு, மேலே கைப்பிடி. கரண்டில் சொருகி, மிக்ஸரிலிருந்து ஒரு வயரை இழுத்தால் வேலை முடிந்தது. கிள்ளானில் எங்களுக்குப் பழக்கமான பவுனம்மாள் அக்கா மகளின் கல்யாண விருந்துக்கு முன்னால் ஒரு ஜோடி வாங்கிவிடுவது என்று முடிவு செய்தோம்.

எனக்கும் அந்தப் பழைய பெட்டிகள்மீது ஏற்கெனவே கடுப்பு இருந்தது. ஒரு வருஷமாக மேடையில் நின்று பாடினால் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பாடுவது போலவே இருந்தது. வார்த்தை தெளிவாக விழவில்லை. சுபாங் ஜெயாவில் ஒரு நிச்சயதார்த்தத்தில் பொறுக்க முடியாமல் மைக்கிலேயே கேட்டுவிட்டேன்: "மிக்ஸர்கிட்ட ஆள் உக்காந்திருக்கா, இல்ல அரிசி மூட்டைய வெச்சிருக்கா?" மண்டபமே சிரித்தது. மிக்ஸரில் உட்கார்ந்திருந்த என் கணவரும் சிரித்துக்கொண்டே எதையோ திருகினார். கொஞ்சம் தெளிந்தது. முன்வரிசையில் இருந்த ஓர் ஆன்டி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பின்னால் போனார். சாப்பிடத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

ஸ்பீக்கர் வாங்குவதில் எனக்கென்று ஒரு முறை உண்டு. அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் வாட்ஸை நம்ப மாட்டேன். கடைக்காரன் சிடி போட்டுக் காட்டினால் நிறுத்தச் சொல்லிவிடுவேன். சிடியில் எந்த ஸ்பீக்கரும் சொக்கத்தங்கம்தான்; மனுஷக் குரலில்தான் அதன் பித்தளை தெரியும். என் மைக்கைக் கையோடு கொண்டுபோய்ப் பேசுவேன், பாடுவேன். அவரை நிற்க வைத்துப் பாடச் சொல்லிவிட்டுக் கடையின் கோடி வரை போய்க் கேட்பேன். கடைசியாக, மைக்கைப் பிடித்துக்கொண்டு ஸ்பீக்கருக்கு நேர் முன்னால் நடப்பேன். மைக்கும் ஸ்பீக்கரும் நெருங்கினால் 'கீ' என்று ஊளையிடும் அல்லவா, எவ்வளவு நெருங்கும்வரை அது வாயை மூடிக்கொண்டிருக்கிறது என்று பார்ப்பேன். கல்யாண மண்டபங்களில் மேடை கையகலம்தான் இருக்கும். ஊளையிடாத ஸ்பீக்கர்தான் மானத்தைக் காப்பாற்றும்.

பூடுவில் ஒரு கடையில் பதினைந்து அங்குல ஸ்பீக்கர் காட்டினார்கள். வயிறு அதிர்ந்தது, வார்த்தை வரவில்லை. வேண்டாம் என்றேன். ஷா ஆலமில் ஒரு கிடங்கில் பத்து அங்குலம், கையில் தூக்கிப் பார்த்தால் பூப்போல இருந்தது. அதிலும் அதே கம்பளி. "இதெல்லாம் ஸ்பீக்கரா, சாம்பார் வாளியா?" என்று கேட்டுவிட்டு வெளியே வந்தேன். அவர் வேன் கதவைத் திறந்துவிட்டார். "சரி தனம், வேற கடை பாப்போம்லா. ஒனக்குத் தெளிவா கேக்கணும், அவ்வளவுதான்" என்றார். எங்கள் கீபோர்ட்காரர் யோகநாதன், பள்ளிக்கூட வாத்தியார், பின்சீட்டில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

மூன்றாவதாக, ஒரு சனிக்கிழமை காலை, பாசார் ரோட்டில் ஒரு சீனர் கடை. பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் ஒன்றை ஸ்டாண்டில் ஏற்றி வைத்திருந்தார். கைக்குழந்தையோடு ஓர் அம்மா கௌண்டரில் டார்ச்லைட் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பேசிப் பார்த்தேன், பாடிப் பார்த்தேன். சுமார்தான். "டிரபிள் ஏத்துங்க" என்றேன், அதாவது கீச்சுப் பக்கத்தை. கடை மிக்ஸரில் என் கணவர் ஏற்றினார். "இன்னும்" என்றேன். ஏற்றினார். இப்போது கொஞ்சம் தெளிவு. சரி, கடைசிப் பரீட்சை என்று மைக்கைப் பிடித்துக்கொண்டு ஸ்பீக்கருக்கு முன்னால் நடந்தேன்.

சத்தமே இல்லை. இன்னும் கிட்டப் போனேன். இல்லை. ஒரு முழத்துக்கு வந்துவிட்டேன், அப்போதும் இல்லை. இருபது வருஷத்தில் இப்படியொரு ஸ்பீக்கரை நான் பார்த்ததில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மைக்கை அதன் வாய்க்கே கொண்டுபோய் நீட்டிவிட்டு, "பாத்தீங்களா! வாயத் தொறக்கல! இதுதாங்க நம்ம ஸ்பீக்கர்!" என்று திரும்பினேன்.

கடைக்காரர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தார். குழந்தையை மார்போடு அழுத்திக்கொண்டு அந்த அம்மா வாசலுக்கு ஓடிக்கொண்டிருந்தாள். குழந்தையின் வாய் அகலமாகத் திறந்திருந்தது. யோகநாதன் முகத்தைச் சுளித்துக் கண்ணை இறுக மூடியிருந்தார். என் கணவர் மிக்ஸர்மீது விழாத குறையாகப் பாய்ந்து பொத்தானை இறக்கினார்.

"ஆன்டி! ஆஃப், ஆஃப்!" என்று கடைக்காரர் கத்தியது அப்புறம்தான் எனக்குக் கேட்டது.

"என்ன ஆச்சு?" என்றேன்.

அந்தக் கடையில் இருந்த அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். கோபமாகப் பார்த்திருந்தால் நான் பதிலுக்கு ரெண்டு கொடுத்திருப்பேன். பாவமாகப் பார்த்தார்கள்.

யோகநாதன் பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்று கழன்றுகொண்டார். நாங்கள் வேனில் ஏறி உட்கார்ந்தோம். அவர் சாவியைப் போட்டார், திருகவில்லை.

"ஊளையிட்டுச்சா?" என்றேன்.

"ம்."

"எவ்வளவு நேரம்?"

"நீ நடக்க ஆரம்பிச்சதுல இருந்து."

வெளியே லோரிகள் போய்க்கொண்டிருந்தன. அவற்றின் உறுமல் எனக்கு நன்றாகக் கேட்டது. அதனால்தான் என்னால் நம்ப முடியவில்லை. செவிடு என்றால் எதுவுமே கேட்காது என்றல்லவா நினைத்திருந்தேன்.

"எப்ப இருந்து தெரியும்?"

"போன தீபாவளி ப்ரோகிராம்ல இருந்து. மைக் கூவுது, எல்லாரும் காதப் பொத்துறாங்க, நீ பாட்டுக்குப் பாடிக்கிட்டே இருந்த."

"யோகநாதனுக்கு?"

அவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. வீட்டில் குக்கர் விசில் அடிக்கவில்லை என்று நான் மூன்று முறை ரப்பர் மாற்றியபோதும் இவருக்குத் தெரிந்திருக்கிறது. சுபாங் ஜெயாவில் எனக்காகக் கீச்சை ஏற்றி ஏற்றி வைத்ததில் அந்த ஆன்டிக்குக் காது வலித்திருக்கிறது. 'கன்னையா மிக்ஸிங் காதக் கிழிக்குது' என்று பிரிக்பீல்ட்ஸ் முழுக்கப் பேச்சு. அவர் மிக்ஸிங் சரியில்லை என்று நானும் சேர்ந்தல்லவா பேசினேன். ஆடத் தெரியாதவள் தெருக் கோணல் என்றாளாம். நான் தெருவைத் திட்டியதோடு நிற்கவில்லை, தாலி கட்டியவரையும் திட்டியிருக்கிறேன், அதுவும் மைக்கில்.

"தெரிஞ்சுகிட்டே என்ன ஏன் கடை கடையா இழுத்துக்கிட்டுப் போனீங்க?" என்று கத்தினேன். "என்ன வெச்சு வேடிக்கை பாத்தீங்களா?"

"இல்ல தனம்." அவர் என் பக்கம் திரும்பினார். "ஒனக்குக் கேக்கிற மாதிரி ஒன்னு எங்கயாச்சும் இருக்கும்லா. அதத்தான் தேடுனேன்."

அப்போது நான் அழுதேன். என் காது போனதற்காக அழவில்லை, அந்த அழுகை பிறகு வந்தது. முதுகு ஒடிந்த மனுஷன் ஷா ஆலம் வரைக்கும் போய் எனக்குக் கேட்கும் ஒரு ஸ்பீக்கரைத் தேடினாரே என்றுதான் அழுதேன்.

பங்சாரில் ஒரு காது டாக்டர், கீச்சுச் சத்தம் கேட்கும் நரம்பு தேய்ந்துவிட்டது என்றார். இருபது வருஷமாக டிரம்ஸ்காரரின் பித்தளைத் தட்டுகளுக்குப் பக்கத்தில் நின்றதன் வினை. போனது திரும்பாது, இருப்பதும் மெல்ல மெல்லப் போகும். பேச்சுக் கேட்க மெஷின் வைக்கலாம், பாட்டுக்கு அது தோதுப்படாது என்று சொல்லிவிட்டு, "நீங்க என்ன வேலை பார்க்கிறீங்க?" என்று கேட்டார். வீட்டில் பிளவுஸ் தைக்கிறேன் என்று சொன்னேன். அதுவும் உண்மைதான்.

ஸ்பீக்கர் இன்னும் வாங்கவில்லை. "எது வாங்கட்டும்?" என்று அவர் பழக்கதோஷத்தில் என்னிடமே வந்து நின்றார்.

"என்னக் கேக்காதீங்க. எனக்குப் பிடிச்ச ஸ்பீக்கர வாங்குனா ஊர்ல ஒருத்தன் காதும் மிஞ்சாது. முன்னால ஒக்காந்து கேக்கிறாங்களே, அவங்களுக்கு வாங்குங்க."

அவரும் யோகநாதனும் போய் அதே பன்னிரண்டு அங்குல ஜோடியை வாங்கி வந்தார்கள். நல்ல சாமான்தான் என்றார்கள். கீச்சை ஏற்றாமல் வைத்தால் குரல் தேன் மாதிரி வருகிறதாம். முதல் தடவையாக என் காது தீர்ப்புச் சொல்லாமல் ஒரு சாமான் எங்கள் வீட்டுக்குள் வந்தது.

கிள்ளான் கல்யாணத்துக்கு வேறு பாடகியைப் பிடித்துவிடலாமா என்று அவர் கேட்டார். பவுனம்மாள் அக்கா என் குரலுக்காகத்தான் கூப்பிட்டிருந்தார். நான் பாடுவேன் என்றேன். ஒரு நிபந்தனை வைத்தேன்.

"எனக்காக எதையும் திருகக் கூடாது. சனங்களுக்கு எப்படி வேணுமோ அப்படியே வைங்க. நான் பாடும்போது உங்களத்தான் பாப்பேன். சுருதி விலகுனா இல்லன்னு தலைய ஆட்டிடுங்க, நான் நிறுத்திக்கிறேன். அன்னிக்கோட பாட்ட விட்டுடுவேன். ஆட்டலன்னா தொடர்ந்து பாடுவேன். என்கிட்ட இனிமே பொய் சொல்லக் கூடாது."

"சரி" என்றார்.

"சாமி மேல சத்தியமா?"

"சத்தியமாலா."

ஞாயிற்றுக்கிழமை மதியம் கிள்ளான் மண்டபத்தில் நானூறு பேர். ஸ்பீக்கர்களை ஸ்டாண்டில் உயரமாக ஏற்றி, எனக்கு முன்னால் இரண்டு பக்கமும் நிறுத்தியிருந்தார். மிக்ஸரோடு மண்டபத்தின் நடுவில் அவர் உட்கார்ந்திருந்தார். முதல் பாட்டு எனக்கு ரொம்பப் பழக்கமானது, கீழ்க்குரலிலேயே போகும் பாட்டு. என் குரல் எங்கோ அடுத்த வீட்டில் பாடுவது போலக் கேட்டது. ஆனால் முன்வரிசையில் ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. ஒரு தாத்தா தொடையில் தாளம் போட்டார். என் கணவரைப் பார்த்தேன். என்னையே பார்த்துக்கொண்டு புன்னகை செய்தார். தலை ஆடவில்லை. அப்பாடா, இன்னும் சில வருஷம் ஓட்டிவிடலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன்.

இரண்டாவது பாட்டை பவுனம்மாள் அக்காவே விரும்பிக் கேட்டார். மேலே மேலே ஏறும் பாட்டு. பல்லவி முடிந்தது, சரணத்தில் ஏறினேன். அவரைப் பார்த்தேன். குனிந்து மிக்ஸரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கைகள் இரண்டும் மடியில் இருந்தன. திருகுவதற்கு அங்கே ஒன்றுமில்லை. அடுத்த வரி பாடினேன். நிமிரவில்லை. அடுத்த வரி. தலை ஆடவில்லை, நிமிரவும் இல்லை.

பக்கத்தில் திரும்பி யோகநாதனைப் பார்த்தேன். வழக்கமாக அவருடைய வலது கை எனக்கு இடம் விட்டு, வரிக்கு வரி இடைவெளியில்தான் ஓடும். இப்போது அந்த விரல்கள் என் பாட்டையே வாசித்துக்கொண்டிருந்தன, எழுத்துக்கு எழுத்து. அது என்ன என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடப் போட்டிகளில் சின்னப் பிள்ளைகள் சுருதி தவறித் தடுமாறும்போது வாத்தியார் அப்படித்தான் மெட்டை வாசித்துப் பிடித்துக்கொள்வார். எனக்குப் பாடச் சொல்லித் தருகிறார். கீபோர்டின் சத்தம் எனக்குக் கேட்கவில்லை, விரல்கள் தெரிந்தன.

பவுனம்மாள் அக்கா சிரித்த முகத்தை அப்படியே பிடித்து வைத்திருந்தார். தாத்தா தாளம் போடுவதை நிறுத்தியிருந்தார்.

கட்டைவிரலால் மைக்கின் பொத்தானைத் தள்ளி அணைத்தேன். வாயை மட்டும் அசைத்தேன். சனங்கள் தலையைத் திருப்பி ஸ்பீக்கர்களைப் பார்த்தார்கள். புது ஸ்பீக்கர் படுத்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். குரல் நின்றதும் அவர் திடுக்கிட்டு எழுந்தார். கை மிக்ஸருக்குப் போனது, வயரைத் தொட்டது, பிறகு மேடையைப் பார்த்தார். என் கட்டைவிரல் எங்கே இருக்கிறது என்று பார்த்தார்.

அவர் ஆட்ட முடியாத தலையை நான் ஆட்டினேன், இல்லை என்று. முகத்தைக் கையால் மூடிக்கொண்டு, நானூறு பேர் நடுவில், அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.